எதிரில் நின்றவன்

சாமை குத்தும் பொம்மையின் இடது கண்ணில், வெள்ளை விழியின் ஓரமாக, ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. இலக்கியா அதை வைக்கவில்லை. ஏதாவது பூச்சி எச்சமாக இருக்கும் என்று ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. வெளியே மத்தியான மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கூரை ஓலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழும் சத்தமும், ஏரிப் பாசியின் வாடையும், அதற்கு அடியில் புதிதாகப் பிசைந்த களிமண்ணின் வாசனையும் பொம்மைக் கூடத்துக்குள் நிறைந்திருந்தன. சூளையில் வெந்து மூன்று மாதமான பொம்மைகளிடம் பச்சை மண் வாசனை எப்படி வரும் என்று அவளுக்குப் புரியவில்லை. அதைவிட, அந்தப் புள்ளியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

கொக்குத்திட்டு என்பது கல்வராயன் மலையடிவாரத்து ஏரிக்கு நடுவே கிடக்கும் ஒரு மேடு. போன வருஷம் வரை அங்கே கொக்குகளைத் தவிர யாருக்கும் வேலை இல்லை. அஜித்குமார் என்பவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு மோட்டார் படகையும் வாங்கிவிட்டு, ‘வரலாறு, வனவிலங்கு, பண்பாடு, ஒரே டிக்கெட்டில்’ என்று கரையில் பெரிய பலகை வைத்தார். வரலாறு என்பது நாலு பாறைகளை நிறுத்தி மேலே ஒன்றைப் படுக்கவைத்த பழங்காலக் கல்திட்டை. வனவிலங்கு என்பது மரக்கோபுரத்தில் ஏறினால் தெரியும் பாம்புத்தாராக்கள், யோகம் இருந்தால் ஒரு கீரி. பண்பாடு என்பது இலக்கியா செய்த ஆளுயர மண்பொம்மைகள்: சாமை குத்துகிறவள், தேனெடுக்கிறவன், விறகு சுமக்கிறவள், கடுக்காய் பொறுக்கும் கிழவன். பாண்டிச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் அவற்றின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் நைனார்பாளையத்தில் ஐயனார் கோயில்களுக்குக் குதிரை செய்யும் பொன்னுரங்கத்தின் மகள். அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் படகு ஓட்டினான். இருவருக்கும் திட்டிலேயே, கூடத்துக்குப் பின்னால் ஒரு தகர அறை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல்முறையாக மாமியார் குரல் கேட்காத இடத்தில் குடித்தனம். அந்த அறையை அவள் அவ்வளவு ஆசையாக வைத்திருந்தாள்.

அவள் பிறந்த வீட்டில் கண் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. உருவம் முழுக்க முடிந்த பிறகு, கடைசியில்தான் கண். வேட்டியை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, அப்பா பக்கவாட்டில் நின்று கையை மட்டும் நீட்டி விழியை எழுதுவார். மறைப்பை எடுக்கும்போது எதிரில் கண்ணாடியைக் காட்டுவார்கள், இல்லையென்றால் ஆட்டுக்குட்டியை. முதல் பார்வை அதன்மேல்தான் விழவேண்டும். மனுஷர் யாரும் குறுக்கே போகமாட்டார்கள். குழந்தைகளை முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் சாமிக்கு. இவை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பொம்மைகள், இதற்கு எதற்கு அந்தக் கூத்து என்று இலக்கியா நினைத்தாள். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் கரண்ட் வேறு போய்விட்டது. ஜெயப்பிரகாஷ் ஒவ்வொரு பொம்மைக்கும் நேர் எதிரில் நின்று செல்போன் விளக்கைப் பிடிக்க, அவள் பக்கத்தில் நின்று கறுப்பு எனாமலில் விழிகளை எழுதினாள். அவன் சும்மா இல்லை. நாக்கைத் துருத்தினான், கண்ணை உருட்டினான்.

"என்னை நல்லாப் பாத்து வச்சிக்கோ," என்றான் சாமை குத்துகிறவளிடம். "நாளைக்கு வர்றவன்லாம் என்னாட்டம் அழகா இருக்கமாட்டான்."

அவள் சிரித்ததில் கோடு லேசாகக் கோணிவிட்டது.

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வெயில் அடிக்கும்போதே பனி மூடியிருக்கிறது என்றான். படகைத் துறையில் இடித்தான். கள்ளக்குறிச்சியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கண்ணில் ஒன்றும் இல்லை, சத்து கம்மி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு அஜித்குமாரே, சுற்றிப்பார்க்க வந்த நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு படகைக் கரைக்கு ஓட்டிப் போய்விட்டார். இனி காலையில்தான் வருவார்.

இலக்கியா அறைக்குப் போனபோது ஜெயப்பிரகாஷ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டு எங்கே இருக்கிறது என்று விரல்களால் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, இப்பவும் பனியாவா தெரியுது?"

"ஜாஸ்தி ஆயிடுச்சி. உன் மூஞ்சி எங்கன்னே தெரியல. ஆனா அந்தக் கூடத்துக்குள்ள போனா நல்லாத் தெரியுது, இலக்கியா. பளிச்சுன்னு தெரியுது."

அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் புள்ளியை எங்கே பார்த்தோம் என்று பிடிபட்டது. பத்து வயதில் அவன் மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போனபோது தோகை கிழித்து, இடது வெள்ளை விழியோரம் ஆறிப்போன பழுப்புத் தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்று அவள் முதலில் கவனித்ததே அதைத்தான்.

அது அங்கே இல்லை. அவன் கண் பால் மாதிரி வெளுத்துச் சுத்தமாக இருந்தது.

அவன் தலையணையில் செம்மண் தூள் உதிர்ந்திருந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் செல்போனை எடுத்துக்கொண்டு கூரை ஓரமாகப் போய் நின்றாள்.

"அப்பா, கண்ணு எழுதுனத அழிச்சிட்டா இன்னா ஆவும்?"

"எந்தக் கண்ண?"

"இங்க செஞ்சி வச்சிருக்கிற பொம்மைங்களுது."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அதுங்களுக்கு ஏன் கண்ணு எழுதுன? எதிர்ல இன்னா வச்ச?"

அவள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இலக்கியா, எதிர்ல யாரு நின்னுக்கினு இருந்தது?"

அவளால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். இணைப்பைத் தானே துண்டித்தாள்.

திரும்பி வந்தபோது தட்டு அப்படியே இருந்தது. அவன் இல்லை.

மழை வலுத்துவிட்டது. மலை இருந்த பக்கம் வெறும் சாம்பல் நிறம். பொழுது சாயும் முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. கொக்குகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. எனாமலை அழிக்கும் தின்னர் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு ஓடினாள்; அந்தக் கண்களை அழித்துவிட்டால் அவனுடையது அவனுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினாள், நம்புவதற்கு வேறு எதுவும் அவளிடம் இல்லை.

ஜெயப்பிரகாஷ் கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தான், அவளைப் பார்த்தபடி. இமை கொட்டவில்லை.

"மாமா, வா. அறைக்குப் போவலாம்."

"நனைஞ்சிட்ட. ரவிக்கைக் கயிறு அவுந்து தொங்குது பாரு."

அவள் முதுகுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவிழ்ந்துதான் இருந்தது. அவன் எதிரில் நிற்கிறான். எதிரில் நிற்கிறவனுக்கு முதுகு எப்படித் தெரியும்?

மெல்லத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், வாசல் ஓரம், விறகு சுமக்கிறவள். அந்தப் பொம்மையின் இடது கண்ணிலும் பழுப்புப் புள்ளி. தேனெடுக்கிறவன் கண்ணிலும். கிழவன் கண்ணிலும். எல்லாமே ஈரமாக இருந்தன. கூரை அங்கே ஒழுகவில்லை.

சாமை குத்துகிறவளிடம் போனாள். துணியில் தின்னரைக் கவிழ்த்தாள். இடது கண்ணில் வைத்து அழுத்தித் துடைத்தாள். துணிக்கு அடியில் அது உருண்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் அவன் முனகினான்.

"ஒரு பக்கம் இருட்டா பூடுச்சி, இலக்கியா."

அவள் கை நின்றது. துணியில் கறுப்பு இல்லை. வெறும் தண்ணீர், கண்ணீர் மாதிரி.

திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் இடது கண் இல்லை. புண் இல்லை, குழி இல்லை, இமை இருந்த கோடுகூட இல்லை. ஈரக்கையால் தடவி விட்ட மண் மாதிரி வழவழவென்று இருந்தது. வலது கண்ணும் மூடிக்கொண்டு வந்தது. ஓரத்திலிருந்து. மெதுவாக.

"அய்யோ, மாமா!"

"அழிக்காத. அதுங்களுது அழிஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரியாது." அவன் சரியாக அவளிடம் நடந்து வந்தான், எங்கேயும் தடுக்காமல். நாலு பக்கமிருந்தும் வழி தெரிகிறவன் நடை. பொம்மைகளுக்குக் கீழே எடுத்து வைத்திருந்த எனாமல் டப்பாவும் தூரிகையும் அவன் கையில் இருந்தன. "எனக்கும் எழுது. நீதானே எழுதுன எல்லாத்துக்கும்."

"எழுதக்கூடாது மாமா. எதிர்ல காட்ட ஒண்ணும் இல்ல. கண்ணாடி இல்ல. ஆடு இல்ல."

"நீ இருக்கியே."

அவள் பின்வாங்கினாள். முதுகில் மண் இடித்தது. வாசல் ஓரம் இருந்த விறகு சுமக்கிறவள் வாசலை அடைத்து நின்றாள். இப்போது வாசல் இல்லை.

அவன் அழுதான். கண் இல்லாமல் அழுதான், குரலில் மட்டும். "என் மூஞ்சியில இருட்டா இருக்குது இலக்கியா. பயமா இருக்குது."

ஆறு வருஷம் கேட்ட குரல். அவள் புருஷனின் குரல். அந்தக் குரலுக்கு அவள் தூரிகையை வாங்கிக்கொண்டாள். பக்கவாட்டில் நகரப் பார்த்தாள், அப்பா நிற்கிற மாதிரி. குளிர்ந்த, ஈரமான விரல்கள் அவள் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தின. நகத்தடியில் செம்மண்.

வழவழப்பான இடத்தில் தூரிகை பட்டது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கோணாமல் வந்தது. நடுவில் கறுப்பை வைத்தாள்.

மை காயவில்லை.

அது அசைந்தது. அவளைப் பார்த்தது.