புதன்கிழமை மூடியிருந்த கேட்

"அந்தக் கேட்டைத் திறக்க நீ பஸ்ஸை விட்டு இறங்குறப்போ, உங்க அண்ணன் ஜன்னல்ல நிப்பாரா?"

"யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல."

"பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"வில்ஃப், உங்க பீர்ல நுரை அடங்கிப்போச்சு. குடிங்க."

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், ஸ்கேல்மியர் ஏரிக்கரை மதுக்கடையில் வில்ஃபுக்கும் ரூபனுக்கும் நடந்த பேச்சு அது. இப்போது, இந்த வெள்ளிக்கிழமை காலை ரூபன் மவுன்சி தொப்பியைக் கையில் பிசைந்தபடி ஹன்னா பெர்க்கெட்டின் சமையலறைக்குள் நுழைந்தபோது, அந்தப் பேச்சு ஏனோ வில்ஃப் டைசனுக்கு நினைவு வந்தது.

ஹன்னா முப்பது வருஷம் அந்தப் பள்ளத்தாக்குக்கு நர்ஸாக இருந்தவள். பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்தவள், மீதி ஊருக்குக் கண் மூடிவிட்டவள். ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டில் எது காணாமல் போனாலும், எது புரியாமல் போனாலும், அவளிடம்தான் வருவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் வில்ஃப், கூப்பிடாமலே கூட வருவார்.

"நாளைக்கு மூணு மணிக்கு ஊர்க் கூட்டம்" என்றான் ரூபன். "அண்ணன் பண்ணை வழியா என் பஸ் போகக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறாங்க. சுனைக்குப் போற வழி அது ஒண்ணுதான். சுனை இல்லேன்னா சுற்றுலா இல்ல. பஸ்ஸை வித்துட்டு மக வீட்டுக்கு, லிவர்பூலுக்குப் போயிட வேண்டியதுதான்."

"முதல்ல உக்காரு. நடந்ததை வரிசையா சொல்லு."

நடந்தது இதுதான். ஐந்து வாரமாக மழை இல்லை. மேல்சரிவில் ஊற்றெல்லாம் வற்றிவிட்டது. ஆடுகள் கீழே ஓடைக்கு இறங்கித் தண்ணீர் குடிக்கட்டும் என்று ரூபனின் அண்ணன் ஐசக் மவுன்சி ஞாயிற்றுக்கிழமை தன் பண்ணைக் கேட்டைத் திறந்து, கயிறு போட்டுச் சுவரோடு கட்டி வைத்தார். புதன்கிழமை கேட் மூடிக்கொண்டது. தாகம் தாங்காத ஆடுகள் தண்ணீர் வாசம் பிடித்துப் பழைய கல் குவாரிப் பக்கம் முண்டியடித்திருக்கின்றன. வியாழன் காலை ஐசக் எட்டிப் பார்த்தபோது குவாரிக் குளத்தில் பதினோரு தாய் ஆடுகள் மிதந்தன.

சந்தையில் வாங்கி ஈடுகட்டக்கூடிய ஆடுகள் இல்லை அவை. அந்த மலையில் வேலி கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்பதைத் தாய்தான் குட்டிக்குக் காட்டி வளர்க்கும். மவுன்சி மந்தையில் வழி தெரிந்த கிழத் தாய்கள் அந்தப் பதினொன்றும்.

"பஸ்ஸுல வந்தவங்கதான் சாத்தினாங்கன்னு ஊரே சொல்லுது. வாரம் ஒரு நாள், புதன்கிழமைதான் நான் அந்தப் பக்கம் போறது. பத்து நாப்பதுக்குப் போறப்பவே கேட் சாத்தியிருந்தது நர்ஸம்மா! வண்டியில பதினாலு பேர். ஒருத்தரும் இறங்கல. நானே இறங்கித் திறந்தேன், வண்டியை விட்டேன், திரும்பச் சாத்தினேன். ஒரு மணிக்குத் திரும்பி வர்றப்பவும் அதேதான்."

"கயிறு?"

"சுருட்டித் தூண் ஆணியில மாட்டியிருந்தது."

"கொண்டி விழுந்திருந்ததா?"

"விழுந்திருந்தது. அந்தக் கேட் தொங்கிப் போச்சு. தூக்கி, இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் கொண்டி விழும். எங்கப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

ஹன்னா தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள். "இடது பூட்ஸ் மட்டும் தளர்த்திக் கட்டியிருக்கியே, ஏன்?"

ரூபன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "செவ்வாய் சாயங்காலம் படகுத்துறையில வழுக்கிட்டேன். புதன்கிழமை அந்தக் காலைத் தரையில ஊனவே முடியல. பயணிகள் பயந்துடக் கூடாதேன்னு யார்கிட்டயும் சொல்லல. சீட்ல உக்காந்துட்டா என்ன தெரியப் போகுது? சுனைக்கிட்டகூட அவங்களை மட்டும் அனுப்பிட்டு வண்டியிலேயே இருந்துட்டேன். ராத்திரி வினிகர்த் துணி கட்டினேன், வியாழக்கிழமை நடை சரியாயிடுச்சு, வீக்கம்தான் இன்னும் வடியல."

அவன் போனதும் வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நர்ஸம்மா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தபால்காரி எல்சி!"

"எல்சி ஒன்பது மணிக்குப் போயிருக்கா. கேட் திறந்தே இருந்துச்சுன்னு அவளே சொல்றா. சாத்தினவளா இருந்தா, மூடியிருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாளே?"

"அப்போ எல்சிக்கும் ரூபனுக்கும் நடுவுல யாரோ போயிருக்கணும்."

"நீங்க அன்னைக்குக் காலையில என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வாசல் வேலிக்குப் பெயிண்ட் அடிச்சேன். எட்டு மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும். எங்க வீட்டைத் தாண்டாம அந்த ரோட்டுல ஒரு பூனைகூட..." வில்ஃப் நிறுத்தினார். "யாரும் போகல. எல்சியும் ரூபனும்தான். ஐயோ, அப்போ மலைக்கு மேலேர்ந்து இறங்கி வந்த ஊர்சுத்திங்க!"

"இருக்கலாம். ஐசக்கைப் பாத்துட்டு வருவோம்."

வழியில் வில்ஃப் பத்து விதமாகக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். கேட் அருகே வந்ததும் மட்டும் வாயடைத்துப் போய்ப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹன்னா அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஐசக்குக்கு எழுபத்தொரு வயது. மனைவி, பிள்ளை என்று யாரும் இல்லை. சமையலறைக்கு இரண்டு ஜன்னல்கள். பெரிய ஜன்னல் ஏரியைப் பார்த்தது. அதன் கண்ணாடியில் வருஷக்கணக்கில் புகை படிந்திருந்தது. கேட்டைப் பார்த்த சின்ன ஜன்னலின் கண்ணாடி மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலிக் கால்கள் கல்தரையில் நாலு குழி பறித்திருந்தன.

"என்ன நர்ஸம்மா, அவனுக்காகப் பரிஞ்சு பேச வந்தியா?"

"கேக்க வந்தேன் ஐசக். புதன்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"விடியறதுக்கு முன்னாடியே மலைக்கு அந்தப் பக்கம், பென்சன் பண்ணைக்குப் போயிட்டேன். பசு கன்னு போட முடியாமத் தவிச்சுது. ராத்திரி அங்கேயே தங்கிட்டேன். வந்து பாத்தா..." அவர் அடுப்பைப் பார்த்தார். "இந்த மலையை வேடிக்கை காட்டிப் பிழைக்கிறான் அவன். நொண்டிக்கிட்டாவது வந்து வண்டி ஓட்டணும்னு என்ன தலையெழுத்து? பேசாம வீட்ல கெடந்திருந்தா எல்லாருக்கும் நல்லதாப் போயிருக்கும்."

"கயிறு எப்படி ஆணிக்குப் போச்சு?"

"யாரோ போட்டிருப்பான்."

ஹன்னா எழுந்தாள். "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மறுபடி வரேன். ரூபனையும் கூட்டிட்டு வருவேன். துரத்திடாதீங்க."

ஐசக் வேண்டாம் என்று சொல்லவில்லை. வில்ஃபுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சமையலறையில் நாலு பேர் இருந்தார்கள். ரூபன் கதவுக்குப் பக்கத்திலேயே, பாதி வெளியில் நிற்பவன் போல நின்றான். பதினாறு வருஷம் முன்பு இதே அறையில், தன் பங்கு ஆடுகளை விற்றுப் பஸ் வாங்கப் போவதாக அவன் சொன்னான். "மலை என்ன சர்க்கஸ் கரடியா, காசு வாங்கிக் காட்ட?" என்று கேட்டார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது.

"மூணு மணிக்குக் கூட்டம்" என்று ஹன்னா அமைதியாக ஆரம்பித்தாள். "அதுக்கு முன்னாடி நம்ம நாலு பேருக்குள்ள இதைப் பேசி முடிச்சிடலாம். ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க கேட்டைச் சாத்தினா எப்படிச் சாத்துவாங்க? கயித்தை அவிழ்த்து, கீழே போட்டுட்டு, கேட்டைத் தள்ளிவிட்டுட்டுப் போவாங்க. கொண்டி விழாது. இங்க சாத்தினவர் கயித்தைச் சுருட்டி மாட்டியிருக்கார். திரும்பக் கட்டணும்னு நினைச்சவர்தான் அப்படி மாட்டுவார். கேட்டைத் தூக்கி இடுப்பால இடிச்சிருக்கார். அதனால அந்தக் கேட்டோட பழகின ஆள்."

"அதான் ரூபன்" என்றார் ஐசக், மெதுவாக.

"ரூபனுக்குச் சாத்தணும்னு என்ன அவசியம்? திறந்திருந்தா, அந்தக் காலோட அவன் இறங்க வேண்டியதே இல்லையே. ஒன்பது மணிக்குத் திறந்திருந்தது. பத்து நாப்பதுக்கு மூடியிருந்தது. நடுவுல கீழேர்ந்து யாரும் வரல. வில்ஃப் பெயிண்டும் கையுமா சாட்சி."

"மேலேர்ந்து வந்தவங்க!" என்றார் வில்ஃப்.

"மேலே இருக்கிற வீடு இது ஒண்ணுதான் வில்ஃப்."

அடுப்பில் கெட்டில் முனகியது.

"ஐசக், நேத்து நீங்க ரூபன் நொண்டினான்னு சொன்னீங்க. அவன் நொண்டினது புதன்கிழமை ஒரு நாள்தான். யார்கிட்டயும் சொல்லல. அவன் வண்டியை விட்டு இறங்கினது ஒரே இடத்துல, இந்தக் கேட்டுல. விடியறதுக்கு முன்னாடி மலைக்கு அந்தப் பக்கம் போனவருக்கு அது எப்படித் தெரிஞ்சது? நீங்க எத்தனை மணிக்குப் போனீங்கன்னு பென்சன் வீட்ல கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. நான் கேக்கல. கேட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்."

வில்ஃபின் கண் சின்ன ஜன்னலுக்குப் போனது. பளபளக்கும் கண்ணாடி. நாலு குழிகள்.

"கேட் எப்பவும் மூடியிருக்கும்" என்றாள் ஹன்னா, குரலைத் தாழ்த்தி. "புதன்கிழமைன்னா திறக்கவும் சாத்தவுமா போக ரெண்டு தடவை, வர ரெண்டு தடவை இவன் இறங்கி ஏறணும். திறந்து கட்டிட்டா வண்டி நிக்காமப் போயிடும். வாரம் ஒரு நாள் பாக்குற தம்பி முகத்தையும் பாக்க முடியாது. அதானே?"

ஐசக் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"பத்து மணிக்குச் சாத்தினேன். அவன் மத்தியானம் இறங்கிப் போனதும் திறந்துடலாம்னு நினைச்சேன். மூணு மணி நேரத்துல ஆட்டுக்கு என்ன ஆயிடும்? பதினோரு மணிக்கு பென்சன் மவன் மலை மேல்வழியா டிராக்டர்ல ஓடி வந்தான், பசு செத்துடும் வாங்கன்னு. அப்படியே ஏறிட்டேன். பசுவோட வயித்துல கையை விட்டப்புறம் கேட்டு எங்க ஞாபகம் வரும்? ராத்திரிதான் வந்துச்சு. அப்புறம் நினைச்சேன், யாராவது போவாங்க, பாப்பாங்க, திறந்து விட்டிருப்பாங்கன்னு."

"எவனும் திறந்து விட மாட்டான் அண்ணே" என்றான் ரூபன். "கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும்னு நீதானே அடிச்சுச் சொல்லிக் குடுத்தே. நான் ரெண்டு தடவை திறந்து ரெண்டு தடவை சாத்தினேன்."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். "நாலு மணிக்கு நான் பழம் பறிக்க மேலே போனேன். திங்கட்கிழமை திறந்திருந்ததைப் பாத்தவன் நான். ஐசக் காரணம் இல்லாமச் சாத்த மாட்டார்னு நினைச்சு, தாண்டினதும் நல்லா இடிச்சுக் கொண்டியைப் போட்டேன். ஆடுங்க மேலே கத்திக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு நர்ஸம்மா. உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல."

"தெரியும்" என்றாள் ஹன்னா. "நேத்து கேட்டுக்கிட்ட உங்க முகத்தைப் பாத்தேனே."

வெளியூர்க்காரன் ஒருவன் அந்த வழியே வந்திருந்தால், ஆடுகள் கத்துவதைக் கேட்டு, முறை தெரியாமல் கேட்டைத் திறந்துபோட்டுப் போயிருப்பான். பதினோரு உயிரும் பிழைத்திருக்கும். முறை தெரிந்தவர்களாகவே போனார்கள்; அதுதான் நடந்தது.

"ஊர்ல யாரோ பஸ்காரன்தான்னு ஆரம்பிச்சாங்க" என்றார் ஐசக். "நான் ஆமான்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. இல்லைன்னா, யாருன்னு கேப்பாங்க. யாருன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. அதை எந்த வாயால சொல்றது? அப்புறம் அவங்க ரோட்டை மூடிடலாமான்னு கேட்டாங்க. மூடுங்கன்னு நானே சொல்லிட்டேன். இனிமே அந்த ஜன்னல்ல எனக்கென்ன வேலைன்னு ஒரு கோவம்." அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "கூட்டத்துல நானே சொல்றேன். சாத்தினது நான்தான்னு. ஆடு போச்சு, பேரும் போகட்டும்."

"எதுக்குச் சாத்தினேன்னு கேட்டா?" என்றார் வில்ஃப்.

"புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லுவேன்."

"அதை ஊர் சுலபமா நம்பும்" என்றான் ரூபன். சொன்ன பிறகுதான், பதினாறு வருஷத்தில் அண்ணனைக் கேலி செய்த முதல் வார்த்தை அது என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கணும் அண்ணே. இந்த ஜன்னலை."

ஹன்னா வில்ஃபின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் கதவருகே போனார்கள். ஆனால் வில்ஃபின் கால்கள் நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே ஐசக் எதையோ சொல்ல வாயெடுத்து, விட்டு, மறுபடி வாயெடுத்துக்கொண்டிருந்தார். கன்றை இழுத்து வெளியே எடுக்கும்போது தெரியும் அதே பாடு அந்த முகத்தில் தெரிந்தது.

"ரூபன்."

"சொல்லுண்ணே."

"நீ பஸ் வாங்கின முதல் வருஷமே கேக்கணும்னு இருந்தேன். கரடி அது இதுன்னு பேசினவன் எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். ஆடு, மழை, பனின்னு எழுபத்தொரு வயசாயிடுச்சு. பென்சன் பண்ணையைத் தாண்டி இருக்குற ஏரியில ஒண்ணைக்கூட நான் பாத்ததில்லடா." அவர் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒரு நாள் என்னையும் உன் வண்டியில கூட்டிக்கிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுறியா?"