அலுமாரிக்குப் பின்னால்

அறையின் மூலையில் தரை சற்றே உயர்ந்திருந்தது.

செல்லச்சாமி கண்ணாடியைக் கழற்றி, வியர்த்த முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி மாட்டிப் பார்த்தான். முகத்தோடு வார்போட்டுக் கட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி அது. மாட்டினால் கண்டி நகரத்து மாடி அலுவலகமும், தகரக் கூரையில் கொட்டும் மழையும் பின்னுக்குப் போய், தெல்தெனிய வீதியில் முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய மார்ச் மாதக் கலவரத்தில் எரிந்துபோன புடவைக்கடையின் மேல்மாடி, எரிவதற்கு முன்னால் இருந்தபடியே எதிரில் வந்து நிற்கும். சேலைக் கட்டுகள், இரும்பு அலுமாரி, சுவரில் பிறை போட்ட கலண்டர், பச்சைப் பூப்போட்ட தரைக்கல். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அலுமாரிக்குப் பின்னால் மட்டும் தரை, ஈரச் சாக்குக்கு அடியில் எதையோ ஒளித்து வைத்ததுபோல, உப்பி நின்றது.

நேற்று வேலை முடிந்தபோது அது இல்லை. நேற்று அவன்தான் அதைத் துடைத்தான்.

"இன்னும் முடியேல்லையோ?" முதலாளி தியாகராஜா குடையைத் தேடிக்கொண்டே கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், வாய் ஓயாதவர். "அந்தப் பிள்ளை இப்ப வந்திடும். தாய் கடைசியா இருந்த இடத்தை ஒருக்காப் பாக்கோணுமாம். வடிவாக் காட்டி விடும்."

"மூலையில ஒரு பேய் சார். தொடச்சாலும் வருது."

"மழைக்கு ஒதுங்கியிருக்கும், பாவம். தேத்தண்ணி ஊத்திக் குடும்." அவர் சிரித்தபடி படியிறங்கினார். "வங்கிக்குப் போட்டு வாறன்."

பேய் என்பது அந்தத் தொழிலில் வேடிக்கைப் பேச்சு. ஒரு சட்டத்தில் ஆறு கமராக்கள், சோடி சோடியாகப் பூட்டியிருக்கும். மனிதனின் இரண்டு கண்ணைப் போல ஒவ்வொரு சோடியும் ஒரே பொருளைக் கொஞ்சம் விலகிய இரு கோணங்களில் பார்க்க, அந்த விலகலைக் கொண்டு பொருள் எவ்வளவு தூரம் என்று கணினி கணக்குப் போட்டு நிறம் தீட்டும். கிட்ட இருந்தால் சிவப்பு, தள்ளிப் போகப் போக மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம். மூன்று சோடியும் ஒத்துச் சொன்னால் பொருள் மெய். ஒரு சோடி மட்டும் கண்டு மற்றவை காணாவிட்டால் அது பேய். விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். தேய்த்த பள்ளத்தைப் பக்கத்துத் தரையை எடுத்துக் கணினியே நிரப்பிவிடும்.

அவன் தேய்த்தான். உப்பல் அமுங்கியது. பூவுக்குப் பூ பொருந்தித் தரை சமமானது.

எங்கோ தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான், கண்ணாடிக்குள் தெரிந்தது எரிந்த கடையின் எரியாத கூரை. அதில் ஒழுக்கு இல்லை. மழை வாடைக்கு நடுவே நனைந்து கருகிய துணியின் நாற்றம் ஒரு கீற்றாக வந்து, மூக்குக்குள் தங்கி, போகாமல் நின்றது. கண்ணைத் தாழ்த்தினான்.

உப்பல் திரும்ப வந்திருந்தது. முன்னைவிட உயரமாக.

படம் எடுத்தது ஒரே ஒரு கணம். கல்லில் வெட்டிய மாதிரி. அதில் எதுவும் அசைய வழியில்லை.

கண்ணாடியைப் பிடுங்கி மேசையில் வைத்தான். மூட்டை தூக்கிக் காய்த்த வம்சத்துக் கை அது. அப்பா கறுப்பையா நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கை லொறிக்கு ஏற்றியே முதுகு வளைந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கூட்டம் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு வந்த இரவு, அட்டை உறிஞ்ச உறிஞ்சத் தேயிலைக்குள் படுத்துக் கிடந்து தப்பியவர். "சத்தம் கேட்டா நிக்காத. யாரு கூப்புட்டாலும் திரும்பாத. ஓடு." பிள்ளைக்கு அவர் எழுதி வைத்த சொத்து அது ஒன்றுதான்.

அந்தச் சொத்தைத்தான் அவன் கடை எரிந்த அன்றைக்குச் செலவழித்தான்.

கடை முதலாளி ஜமால்தீன், கட்டார் போன மகனுக்குக் காட்டுவதற்காகப் புதிய மேல்மாடியைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். எடுப்பவன் படத்தில் விழக்கூடாது. கமராச் சட்டத்தை மேலே நிறுத்திவிட்டு, படம் வந்து விழும் கைத்திரையோடு கீழே இறங்கி, அறையை வெறுமையாக விடுவதுதான் வேலைமுறை. இறங்கும்போது படியில் சகீனா ராத்தா எதிரே ஏறி வந்தாள். கடை கூட்டித் துடைப்பவள். தொழுகைக்காகக் கழுவிய முகமும் முழங்கையும் சொட்டச் சொட்ட.

"தம்பி, அந்தக் கமரா என்னையும் புடிக்குமா? அசர் தொழணும்."

"அலுமாரிக்குப் பின்னால போங்க ராத்தா. புடிக்காது."

"புடிச்சா அழகாப் புடிக்கச் சொல்லுங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் சந்தியில் அந்தச் சத்தம் எழுந்தது. பார்த்திராவிட்டாலும் அது என்ன சத்தம் என்று அவன் எலும்புக்குத் தெரியும். பக்கத்துக் கடைக் கண்ணாடி நொறுங்கியது. ஷட்டரை இழுத்துக்கொண்டே ஜமால்தீன் கத்தினார். "செல்லச்சாமி! மேல ஆராச்சும் ஈக்கா? பாருங்க!"

திரையில் பார்த்தான். அலுமாரியின் ஓரத்தில் பச்சையாக ஓர் உப்பல். நெற்றி தரையில் பட, முதுகு வளைந்து. ஒரு சோடிக்கு மட்டும் தெரிந்தது. மற்றச் சோடிகளுக்கு அலுமாரி மறைத்தது. ஏன் மறைத்தது என்று அவனுக்குத் தெரியும். அங்கே போகச் சொன்னவன் அவன்தான்.

சொன்னால் மேலே ஏறிக் கூட்டி வர வேண்டும். சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது.

விரல் தானாகத் தேய்த்தது. "யாருமில்ல ஜமால்தீன் நானா. மேல காலி."

ஷட்டரைப் பூட்டினார்கள். பின்கதவையும் வெளியிலிருந்து பூட்டிவிட்டு வயலுக்குள் ஓடினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலகப் படியில் காலடி கேட்டது. சகீனாவின் மகள் பஸீஹா குடையை மடக்கியபடி வந்து நின்றாள். மடவளையில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். இருபது வயது இருக்கும். தாயின் அதே மூக்கு. நகரத்துப் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு பாங்கு ஒலித்தது, முடியும்வரை நின்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "அண்ணே, இத மாட்டினா தலை சுத்துமா?"

"இல்ல தங்கச்சி. ஆடாம நின்னு பாருங்க." வாரைக் கட்டிவிட்டான். அவள் பார்ப்பது அவனுடைய திரையில் விரிந்தது. அறை. அலுமாரி. மூலை. தரை சமம்தான். உப்பல் இல்லை. மூச்சு வந்தது.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியோடு அப்படியே கேட்டாள். "மேல ஆருமில்லேண்டு ஆரு அண்ணே சொன்ன? ஜமால்தீன் நானாட்ட கேட்டா அழுறாரு. சொல்றாரில்ல."

இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. அவளுடைய விரல்களைப் பார்த்தான், குடைப்பிடியை இறுக்கி வெளுத்திருந்தன.

"தெரியாது தங்கச்சி. நான் அப்ப வெளிய நின்னேன்."

தண்ணீர் சொட்டியது. கிட்டத்தில்.

பஸீஹா மெதுவாக முழங்காலில் அமர்ந்தாள். குரல் தாழ்ந்தது. "உம்மா இந்தா ஈக்கிறா."

திரையில் வெறும் தரை.

"சத்தம் போடாதீங்க அண்ணே. தொழுதுட்டீக்கிறா. இன்னும் முடிக்கல்ல."

அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலும் நாலு சின்னக் கமரா உண்டு. மாட்டியவர் சுவரில் முட்டாமல் இருக்க, நிற்கிற அறையை அவை அளந்துகொண்டே இருக்கும். அந்தப் படம் திரையின் ஓரத்தில் சிறு கட்டமாக ஓடும். அவன் பார்வை அதில் விழுந்தது. இந்த அலுவலகம். நீலச் சுவர். பச்சை மேசை. கிட்ட நின்றுகொண்டிருக்கும் தான், சிவப்பாக.

தனக்கு வலப்பக்கம், தரையோடு தரையாக, பச்சையாக ஓர் உப்பல்.

வலப்பக்கம் திரும்பினான். சீமெந்துத் தரை. மின்கம்பி. வேறொன்றுமில்லை. ஈரம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு.

கட்டத்தில் உப்பல் நிமிர்ந்தது. தலை. தோள். தொழுகை இருப்பில் அமர்ந்த ஒரு பெண்.

"சலாம் குடுக்கப் போறா," என்றாள் பஸீஹா. அவள் முகம் மலர்ந்திருந்தது. உதடு அசைய எதையோ கேட்டாள், தலையாட்டினாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணே. ஆரு சொன்ன எண்டு உம்மாக்குத் தெரியுமாம்."

ஓடு. அப்பா சொன்னார். ஓடு.

கால் வரவில்லை.

கட்டத்தில் அது முதலில் வலப்பக்கம் முகம் திருப்பியது. தொழுகை முடிக்கும் முறைப்படி. நிதானமாக. இனி இடப்பக்கம். இடப்பக்கம் நின்றவன் அவன்.

திரும்பியது.

பச்சை. மஞ்சள். எழுந்தது. சிவப்பு. கருகிய துணி நாற்றம். அதைவிடச் சிவப்பு. கண் இல்லை. மூக்கு இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவன் விரலால் நிரப்பிய தரைக்கல், பூவுக்குப் பூ பொருந்தி, அவன் தோளுக்கு மேலே குனிந்திருந்தது.

அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் கழுத்தில்.