மூன்று வார ஸ்க்ரூடிரைவர்

காலை மணி 6.50. ஐஸ் ஃபேக்டரியின் கம்ப்ரஸர் அறையில், திறந்து கிடந்த மின்பெட்டியின் முன்னால் டெஸ்டர் அண்ணன் மல்லாந்து கிடந்தார். வலது கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். இடது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன.

எதையும் இரண்டு தரம் சோதிக்காமல் தொடமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். டீ டம்ளரைக்கூட கரண்ட் வருதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார் என்று ஃபேக்டரியில் கேலி பேசுவார்கள்.

மணி 8.15. கருவி ஸ்டோரின் ஜன்னலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். ஸ்டோரைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். அவளுடைய பதிவேட்டை அவளுக்கு முன்னாலேயே விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி செத்தவருக்கு நீங்க குடுத்த ஸ்க்ரூடிரைவர். கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான் சார்."

"கம்பியோட பிளாஸ்டிக் உறை கிழிஞ்ச சாமானைக் குடுத்திருக்கீங்க. ஆள் போயிட்டாரு. வண்டியில ஏறுங்க."

அடையாளத்தில் சந்தேகமே இல்லை என்றார் அவர். இங்கே ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் தன் கருவியின் பிடியில் ஒரு நிற டேப் சுற்றியிருப்பான்; டெஸ்டர் அண்ணனுடையது பச்சை. பிணத்தின் கையில் இருந்ததிலும் பச்சை.

கதவோரம் அவள் தம்பி நின்றிருந்தான். அவனும் எலக்ட்ரீஷியன், கம்ப்ரஸர் மின்பெட்டி அவன் பொறுப்பு. நீலம் அவன் நிறம். ஒரு ஸ்க்ரூ இறுகமாட்டேன் என்கிறது என்று டெஸ்டர் அண்ணனை முதல் தடவையாக அங்கே கூப்பிட்டிருக்கிறான். ஃபியூஸ் எடுத்துவரப் போய்த் திரும்பினால் ஆள் விழுந்து கிடந்தாராம். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அக்காவை வண்டியில் ஏறச் சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பயந்தது ஜெயிலை நினைத்து மட்டுமல்ல. தான் கொடுத்த கருவி ஒரு உயிரைக் குடித்திருந்தால், அதற்குப் பிறகு எந்தக் கதவைத் திறந்துவிட்டாலும் அவளுக்கு வெளியே வர வழியில்லை.

"ஒரு பத்து நிமிஷம் சார். அதை நான் பார்க்கணும்."

கைபடாமல் பார்க்கச் சொல்லி, ஒரு துணிமேல் வைத்தார்.

ஸ்க்ரூடிரைவர்களை அவள் அறிந்த மாதிரி சொந்தக்காரர்களைக்கூட அறிந்ததில்லை. மலிவு சரக்கு ஒரு மாதத்தில் முனை மழுங்கித் திரும்பி வரும். நல்ல இரும்பு இரண்டு வருடம் தாங்கும், ஆனால் சுத்தியல் மாதிரி அடித்தால் பிடி விரிசல் விடும். மின்வேலைக்கு உள்ளதில் கம்பி முழுக்க பிளாஸ்டிக் உறை இருக்கும். வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள். மஞ்சள் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எட்டு மாதம் உழைத்ததும் மூன்று வாரம் உழைத்ததும் பக்கத்தில் வைத்தால் தாயும் பிள்ளையும் போலத் தெரியும்.

"உறை கிழியல சார். கத்தியால சீவியிருக்காங்க," என்றாள்.

"சரி. இன்னைக்குக் காலையில அவரே சீவியிருப்பாரு."

"சீவின விளிம்பைப் பாருங்க. இன்னைக்குச் சீவியிருந்தா மஞ்சள் தெரியணும். கறுப்பால்ல இருக்கு? எண்ணெய் அழுக்கு ஏறி மாசக்கணக்கா ஆச்சு. முனையோட ரெண்டு மூலையும் உருண்டு போச்சு. இது மூணு வாரச் சாமான் இல்ல. ஆனா டேப் மட்டும் புதுசு. ஒரு விரல் அழுக்குகூட ஒட்டல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

சீவியது ஏன் என்று கேட்டார். அவள் அலமாரியிலிருந்து கம்ப்ரஸர் மின்பெட்டியின் உபரி இணைப்புக் கட்டை ஒன்றை எடுத்தாள். அதில் ஸ்க்ரூ ஆழமான குறுகிய துளைக்குள் இருக்கும். உறையோடு முனை உள்ளே போகாது. அவர் ஸ்க்ரூடிரைவரைத் துணியோடு பிடித்துத் துளைக்குள் விட்டார். முனை ஸ்க்ரூவில் உட்கார்ந்தது. சீவிய இடம் துளைக்குள் போய், இரண்டு விரல் அகலம் மட்டும் உறையில்லாமல் வெளியே நின்றது.

அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இழுத்த கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதும்.

"இந்தப் பெட்டியில தினமும் வேலை பாக்கிறது யாரு?"

அவள் இணைப்புக் கட்டையை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். இன்ஸ்பெக்டர் பச்சை டேப்பின் நுனியைப் பிடித்து உரித்தார். அடியில் நீலம்.

மணி 8.50. தம்பி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். பெட்டியை அணைத்தால் ஐஸ் உருகும் என்பதால் கரண்ட் இருக்கும்போதே இறுக்குவது அங்கே வழக்கம். டெஸ்டர் அண்ணன் பெட்டிக்குள்ளிருந்து கண்ணை எடுக்காமல், தன்னுடையது துளைக்குள் போகவில்லை, உன்னுடையதைக் கொடு என்று கையை நீட்டினார். இவன் கொடுத்தான். முனையை வழிநடத்த இடது விரல்களை எப்போதும்போலக் கம்பியில் வைத்தார். அங்கே உறை இல்லை. அதன்பிறகு இவன் தன்னுடையதன்மேல் பச்சை டேப்பைச் சுற்றி, அவருடைய ஸ்க்ரூடிரைவரை ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் எறிந்துவிட்டான்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போறப்ப பாத்துட்டு நின்னியேடா," என்றாள் அவள்.

"நீ அக்காதானே. எப்படியும் சமாளிச்சு வந்துடுவன்னு நெனச்சேன்."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். மாதம் ஒரு தரம் எல்லோருடைய ஸ்க்ரூடிரைவரையும் ஜன்னலில் வாங்கி, முனை முதல் பிடிவரை பார்த்து டிக் போட வேண்டியது அவள் வேலை. தம்பியின் வரியில் எட்டு டிக் இருந்தது.

"சார், இவன் பிடியை மட்டும் நீட்டிக் காட்டுவான். தம்பிதானேன்னு நானும் வாங்கிப் பாக்கல. எட்டு மாசமும் பாக்கல. ரெண்டு பேரையும் எழுதிக்குங்க."

அது தேவையா என்று அவர் தயங்கினார். தேவை என்றாள். எழுதினார்.

வண்டியில் தம்பி முதலில் ஏறினான். ஏறியதும் சின்ன வயதிலிருந்து செய்வதுபோல ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவள் எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.