போதமலை உண்ணி

போதமலையில் மாடு மேய்த்துவிட்டு வருகிற நாமகிரிப்பேட்டைக்காரர் எவரும் நேரே வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. மாடு கட்டுகிற கட்டுத்தறியிலேயே உட்கார வைத்து, பெண்டாட்டி லாந்தர் வெளிச்சத்தில் காதுமடல், அக்குள், முதுகு என்று உண்ணி பார்ப்பாள். பிடுங்கியதையெல்லாம் தணல் சட்டியில் போட்ட பிறகுதான் சோறு. சின்னுசாமி வருஷா வருஷம் உடம்பு நிறைய உண்ணியோடு வருகிற ஆள். மாட்டுக்கே பொறாமை வந்துவிடும் என்று அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள் கேலி செய்வாள்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டதால் இரண்டு மாதம் மலையிலேயே தங்கிவிட்டான். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாக வந்து கட்டுத்தறியில் உட்கார்ந்தான்.

"மாடெல்லாம் எங்கீங்க?"

"பின்னால வருது."

ஐந்து வயது ராமாயி ஓடிப்போய் அப்பன் மடியில் ஏறிக்கொண்டாள்.

"எறங்கு சாமி, இன்னும் உண்ணி பாக்கல."

அவள் இறங்கவில்லை. இத்தனை நாள் ஏங்கிய பிள்ளையைப் பிடுங்கி எடுக்கக் கண்ணாத்தாளுக்கும் மனம் வரவில்லை.

காதுமடலில் ஒன்றுமில்லை. அக்குளிலும் இல்லை. முதுகு சில்லிட்டிருந்தது. வெட்டிய குழியின் ஈரமண் வாடை அடித்தது.

கம்பளியை விலக்கினாள்.

உண்ணிகள் இருந்தன, நூற்றுக்கணக்கில். ஒன்றுகூட அவனைக் கடித்துப் பிடித்திருக்கவில்லை. எல்லாம் வரிசையாக அவன் கை வழியே இறங்கி, குழந்தையின் மேல் ஏறிக்கொண்டிருந்தன.

போன தை மாதம் கன்று செத்தபோதும் இப்படித்தான் இறங்கிப் போயின. சூடு போன உடம்பில் உண்ணி தங்காது. மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

லாந்தரை மெல்லத் தரையில் வைத்தாள்.

"பாத்தாச்சா, புள்ள?" திரும்பாமலே கேட்டான்.

"ஆச்சுங்க... ராமாயியக் குடுங்க. அவளுக்கும் பாக்கோணும்."

"அவளுக்கு நானே பாத்துட்டேன்."

பிள்ளையைப் பறித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வாசலில் அங்கம்மாள் அழுதுகொண்டே எதிரே வந்தாள்.

"உன்னத் தேடித்தான் வாரேன், கண்ணு. மலையிலிருந்து ஆளு வந்திருக்குது. சின்னுசாமி காய்ச்சல்ல போயி மூணு நாளாச்சாம். அங்கேயே பொதச்சுட்டாங்களாம்."

கண்ணாத்தாளுக்கு அழக்கூட வரவில்லை. புருஷன் போய்விட்டான், பிள்ளையாவது மிஞ்சட்டும் என்ற ஒரே நினைப்புதான்.

"அக்கா, மொதல்ல இவளுக்கு உண்ணி பாருங்க. நெறைய ஏறியிருக்குது."

அங்கம்மாள் விளக்கருகே, கண்ணாத்தாள் இடுப்பிலிருந்த பிள்ளையின் தலைமயிரை விலக்கினாள். காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லியே, கண்ணு."

கண்ணாத்தாள் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் பாதத்திலிருந்து கடைசி உண்ணி இறங்கி தாயின் முழங்கைக்கு வந்துகொண்டிருந்தது.

சில்லென்ற சின்னக் கை ஒன்று அவள் பிடரியைத் தடவியது.

"திரும்பும்மா," என்றாள் ராமாயி. "உனக்கு நான் பாக்கறேன்."