காற்று மறைப்பு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை ஊர் என்ன சொல்லும் என்பது ஜெயபாண்டிக்குத் தெரியாததல்ல. ஆனால் கூடச் சைக்கிள் ஓட்டும் நண்பன் வெங்கடேஷ்பாபுவின் நச்சரிப்பு தாங்கவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் வீட்டில் அடைந்து கிடந்தவன் அவன். லேசாக மிதிக்கலாம், பஸ்ஸும் லாரியும் வராத பாதையாக இருக்கட்டும், மூச்சு மட்டும் வாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கே.கே. நகர் வீட்டு வாசலில் வெங்கடேஷின் மனைவி ஸ்ரீவர்ஷினி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உங்களை நம்பித்தான் அனுப்புறேன். கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துருங்க."

"நான் முன்னாடி போறேன் தங்கச்சி. காத்து பூராம் என் மேலதான் அடிக்கும். அவன் சும்மா பின்னாடி உருட்டிக்கிட்டு வந்தாப் போதும்."

சொன்னால் சொன்னதுதான். கப்பலூரில் இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர் ஜெயபாண்டி. கதவை அடைத்து நிற்கிற உடம்பு. அவனுக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொண்டால் காற்றுக்குக்கூடத் தெரியாது.

கீழக்குயில்குடிக் குளத்தோரம் ஆலமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, சைக்கிள்களை இறக்கினார்கள். நாகமலைக்கும் வைகைக்கும் நடுவே ஏறி இறங்கிப் போகிற சரளைப் பாதைகளில் கொஞ்சம் சுற்றினால், மலையடிவாரத்துக் கால்வாய்க் கரை வந்துவிடும். கால்வாயில் தண்ணீர் இல்லை. கரையில் ஆள் இல்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் காற்றை நெஞ்சில் வாங்குவான். பின்னால் வருகிறவன் அவன் முதுகை ஒட்டிப் பாதி உழைப்பில் வந்துவிடுவான். முன்னவனுக்குக் கால் அயர்ந்தால், முழங்கையை ஒரு தடவை ஆட்டிவிட்டு இடது ஓரம் ஒதுங்குவான். பின்னவன் வாய் பேசாமல் முன்னே போய்விட வேண்டும். ஓசியில் வந்துவிட்டு முறை வரும்போது நழுவுகிறவனை மறுவாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்றைக்கு மட்டும் முறை மாற்றுவது கிடையாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

கரையில் ஏறியதும் ஜெயபாண்டி ஒன்றைக் கவனித்தான். புழுதியில் ஒற்றை டயர்த் தடம் மேற்கே போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. இந்தப் பக்கத்துக்கு வேறு வழியும் இல்லை. மேற்குக் கோடியில் போன மழை அறுத்துப் போட்ட உடைப்பு, கீழே ஆளுயரத்துக்கு மேல் பள்ளம், பள்ளம் முழுக்கப் பாறை. யாரோ போயிருக்கிறார், எதிரே வருவார் என்று நினைத்துக்கொண்டான். இந்தக் காற்றில் தடம் எப்படிக் கலையாமல் கிடக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

எதிரே யாரும் வரவில்லை.

காற்று மலையிடுக்கில் புகுந்து முகத்தில் மண்ணை வாரி அடித்தது. தொடை கடுத்தது. குனிந்து குனிந்து மிதித்தவன் எந்த நினைப்பும் இல்லாமல், பல வருசப் பழக்கத்தில், முழங்கையை ஆட்டி இடது ஓரம் ஒதுங்கிவிட்டான்.

ஒதுங்கிய பிறகுதான் உறைத்தது.

வலப்பக்கம் சரளை நெரிபடும் சத்தம் கேட்டது. ஏதோ அவனைக் கடந்து முன்னே போனது. சட்டென்று காற்று நின்றுவிட்டது.

"மாப்ள, நீ போகாத. ஒதுங்கு," என்றான் நிமிராமலே.

"நான் பின்னாடிதான இருக்கேன்," என்றது வெங்கடேஷின் குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து.

ஜெயபாண்டி நிமிர்ந்தான். பாதை வெறிச்சென்று கிடந்தது. கருவேலஞ்செடிகள் தரையோடு தரையாகச் சாய்ந்து ஆடின. அவன் முகத்தில் மட்டும் காற்று படவில்லை. ஈர மண்ணும் பாசியும் கலந்த வாடை அடித்தது, தண்ணீரே இல்லாத கால்வாயில்.

"அப்ப முன்னாடி போனது யாரு?"

"நீதான கையாட்டி அவருக்கு முறை விட்ட." வெங்கடேஷ் அவனைத் தாண்டிக்கொண்டு வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "காத்தே இல்ல மாப்ள. எம்புட்டு சுகமா இருக்கு பாரு."

போயேவிட்டான்.

அவன் முன்னேறியதும் காற்று மறுபடி ஜெயபாண்டியின் மேல் வந்து விழுந்தது. எழுந்து நின்று மிதித்தான். கத்தினான். கத்தியதைக் காற்று பின்னால் தூக்கிப் போட்டது. ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தவன் பெடலைச் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போனான். அவனுக்கு முன்னால், புழுதியில், ஒரு கோடு தானாக நீண்டுகொண்டே போனது.

உடைப்பை நோக்கி.

ஸ்ரீவர்ஷினிக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் ஜெயபாண்டியின் மனதில் ஓடவில்லை. காற்றில் நின்று அவனைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. தானும் அந்த மறைப்புக்குள் போக வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

உள்ளே சத்தமே இல்லை. குளிர்ந்தது. முன்னால் யாரோ நிதானமாக மூச்சு விடுவது கேட்டது. கை நீட்டி வெங்கடேஷின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தான். இரண்டு பேரும் சரளையில் உருண்டார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் கரை முடிந்திருந்தது.

கீழே எதுவும் விழுந்த சத்தம் இல்லை.

முட்டி சிராய்ந்ததோடு போயிற்று. வெங்கடேஷின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். தூங்குகிறவனுடையதைப் போல நிதானமாக ஓடியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார்கள். கரையை விட்டு இறங்குகிற இடத்தில் ஜெயபாண்டி குனிந்து பார்த்தான். போகும்போது இல்லாத தடம் இப்போது இருந்தது. ஒற்றை டயர், திரும்பி வந்த தடம். அவர்களுக்கு முன்னால் போயிருந்தது.

கே.கே. நகரில் விளக்குப் போட்டுவிட்டார்கள். கேட் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகள் படபடத்தன. ஓடி வந்த ஸ்ரீவர்ஷினி, பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிராய்ப்பைப் பார்த்துவிட்டு மருந்து எடுக்க உள்ளே போனாள்.

வாசல் வேப்பமரம் பேயாட்டம் ஆடியது. அதன் அடியில் நின்ற வெங்கடேஷின் சட்டை ஆணியில் மாட்டியது போல அசையாமல் தொங்கியது. ஒரு முடிகூடப் பறக்கவில்லை.

ஜெயபாண்டி தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அதுவும் அசையவில்லை.

"அவரு நமக்காக இம்புட்டு தூரம் காத்து வாங்கிட்டு வந்திருக்காரு," என்றான் வெங்கடேஷ் மெதுவாக. அவன் பார்வை ஜெயபாண்டியின் தோளைத் தாண்டி எதிலோ நின்றது. "இப்பக் கையாட்டுறாரு மாப்ள. முன்னாடி யாரு போறது? நீயா, நானா?"

உள்ளே ஸ்ரீவர்ஷினி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துருங்க என்று அவள் சொன்னது ஜெயபாண்டியின் காதில் நின்றது.

"நான் போறேன்," என்றான்.

வெங்கடேஷின் சட்டை படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அவன் தூக்கத்திலிருந்து விழித்தவன் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னா காத்து மாப்ள இது," என்றான்.

ஜெயபாண்டியின் சட்டை இன்னும் அசையவில்லை.

கரையில் முன்னால் கேட்ட அதே நிதானமான மூச்சு, இப்போது அவன் முதுகுக்குப் பின்னால், வெகு அருகில் கேட்டது.