காற்றாலைக் குழியில் தாத்தா!

"ஐயோ... எலும்பு!"

பொக்லைன் ஓட்டுநர் போட்ட அலறலில் பிட்ஜன் மலை மேல் மொத்த வேலையும் நின்றது.

காற்றாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய குழி. பத்தடி ஆழம். பாறைச் சில்லுகளுக்கு நடுவே ஒரு மண்டையோடு!

அரை மணி நேரத்தில் ஹோபர்ட் லஸ்க் வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. வளையாத முதுகு. கையில் பிளாஸ்டிக் பூங்கொத்து.

ஷெரீஃப் டார்லா புருவத்தை உயர்த்தினாள்.

"அடேங்கப்பா... பூவோடயே வந்துட்டீங்களே பெரியவரே! யாருன்னு தெரியுமா?"

"எங்க தாத்தா ஏமஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணாம் வருஷம் பொதைச்சது. அவர் கல்லறை இந்த உச்சியில இருந்தது ஊருக்கே தெரியும்."

"தெரியும், தெரியும்..."

"அப்ப லேபுக்கெல்லாம் அனுப்பாத. வர்ற ஞாயிறு கல்லறைக்குப் பூ வைக்கிற நாள். நானே மரியாதையா அடக்கம் பண்ணிக்கிறேன். உங்கப்பன் என் வார்த்தையைச் சந்தேகப்பட்டதே இல்ல!"

குரல் நடுங்கவில்லை. 

லேபுக்குப் போனால் தம்பி கிளீட்டஸின் பெயர் வெளியே வரும். ஓஹையோவுக்குப் போய்விட்டான் என்று முப்பது வருஷமாக அவர் சொல்லி வந்த தம்பி! சுரங்க வேலைநிறுத்தத்தில் ஊரே பட்டினி கிடந்தபோது, பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவன்.

கருங்காலி!

நாலு தலைமுறையாய்ச் சங்கக் கொடி பிடித்த லஸ்க் வீட்டில்... கருங்காலியா?

"சரி பெரியவரே. இது லஸ்க் குடும்பத்து எலும்புதான்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். மூச்சு வந்தது.

"ஒரே ஒரு சந்தேகம்... இந்த மலையை வெட்டின ராட்சச மெஷினை ஓட்டினது யாரு?"

"நான்தான்! என்னை மாதிரி ஓட்ட இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது!"

"உச்சியிலேர்ந்து எத்தனை அடி குறைச்சீங்க?"

"இருநூ..."

நாக்கு அப்படியே நின்றது! மீதியை டார்லாவே முடித்தாள்.

"இருநூறு அடி! கரியை எடுத்துட்டு, மிச்ச மண்ணை இங்க கொட்டி நிரவினது தொண்ணூத்து மூணுல. வேலைநிறுத்தம் முடிஞ்ச மறுநாள். முதல் மெஷின் உங்களுது. இது மலை இல்ல பெரியவரே, கொட்டின மண்ணு. இதுக்குள்ள இருபத்தொண்ணாம் வருஷத்துப் பொணம் சிதறாம எப்படி வரும்? அந்த வாரம் காணாமப் போன லஸ்க் ஒரே ஒருத்தன்தான்!"

ஹோபர்ட் அப்போதும் முதுகை வளைக்கவில்லை.

"எங்க வீட்டுல கருங்காலி கிடையாது டார்லா..."

"இருந்தானே?"

"ஒரே ஒரு நாள் இருந்தான்."

இரண்டு கைகளையும் அவரே நீட்டினார். விலங்கு பூட்டும்போது பூங்கொத்து இடித்தது.

"இந்தப் பூ... தாத்தாவுக்கு?" என்றார்.

பக்கத்துக் குன்றில் சுழன்றுகொண்டிருந்த காற்றாலையை டார்லா அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி இருக்கா பெரியவரே? உங்க தாத்தா கல்லறை இருந்த இருநூறு அடி உயரத்துல இனி இறக்கைதான் சுத்தும்!"