டன்லினின் பாய்லர் அறை

கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி, கப்பல் உடைக்கும் துறையைப் பாதி விழுங்கியிருந்தது. எஃபி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கே இரும்பு வெட்டும் வேலை பார்த்த தம்பி டூகலின் பின்னால் நடந்தாள். ஃபோர்த் கழிமுகக் கரையில் 1921 மார்ச் மாதம் அது. போரில் ஓடித் தேய்ந்த நாசகாரிப் போர்க்கப்பல்களை அரசாங்கம் பழைய இரும்புக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றான டன்லின் இப்போது சேற்றில் சாய்ந்து கிடந்தது.

அவள் கணவன் மாக்னஸ் அதில் கரி அள்ளிப் போட்டவன். நான்கு வருடங்களுக்கு முன் கடற்கண்ணிவெடி ஒன்று வெடித்து பாய்லர் அறையைப் பிளந்தது. கப்பலைக் காப்பாற்ற, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே மேல்மூடியை இறுக்கிவிட்டார்கள். மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. மாக்னஸ் கிடைக்கவில்லை.

"உள்ளேயிருந்து தட்டுறாங்கக்கா," என்றான் டூகல். "வெட்டப் போனாலே தட்டல். 'உன் மச்சான்தான், நீயே பேசிக்கோ'ன்னு பசங்க கிண்டல் பண்ணானுங்க. இப்ப ஒருத்தனும் சிரிக்கிறதில்ல."

"பதிலுக்கு நீ தட்டினியா?"

"பயமா இருந்துச்சுக்கா."

மேல்தளத்தில் துருவும் ஈரக் கரியும் நாறின. எஃபி மண்டியிட்டு மூடியில் காதை வைத்தாள். இரும்பு சில்லிட்டது.

டொக்.

டூகல் பின்வாங்கினான்.

டொக். டொக்.

அவசரமில்லாத தட்டல். வெகு நேரம் தட்டிக் கை சோர்ந்தவனின் தட்டல்.

"திற," என்றாள்.

டூகல் திருகாணிகளைத் தட்டிக் கழற்றி, மூடியைத் தூக்கினான்.

உள்ளே யாருமில்லை. கப்பலைச் செப்பனிட்டபோதே கழுவித் துடைத்த வெற்று அறை.

எஃபி இருட்டுக்குள் குனிந்தாள். "மாக்னஸ்... நான்தான், எஃபி. சண்டை முடிஞ்சிடுச்சு. திறந்தாச்சு பாருங்க. வீட்டுக்கு வாங்க."

ஈரமான ஏதோ ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு மேலேறிப் போனது. அவள் அங்கேயே உட்கார்ந்து, நான்கு வருடமாக அடக்கிவைத்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். அதன்பின் தட்டல் கேட்கவில்லை. மாலைக்குள் பாய்லர் அறை துண்டு துண்டாகக் கரையேறியது.

மறுநாள் காலை டூகல் பால் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த எஃபி உதட்டில் விரல் வைத்தாள்.

"உஸ்... சத்தம் போடாதே. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு."

அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தான். பாவம், அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, அவள் தோளைத் தொடக் கை நீட்டினான்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். கரித்தூள் அடைத்த நெஞ்சிலிருந்து வரும், நீண்ட, களைத்த இருமல்.